எல்லாருக்கும் ஃபைவ் நைன்

ஹெப்சிபாவின் வாயிலிருந்து ஃபைவ் நைன் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. வாங்கியவர்கள் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கருமி.

ஃபைவ் நைன் என்பது அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கொள்ளும் மார்க். சர்க்காரிடம் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டு மாடியில் சொந்த ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு, பத்து பைசா பிரயோசனம் இல்லாமல் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் அது. ஒருத்தர் பேசி முடித்ததும் எதிராளி முதலில் சொல்ல வேண்டியது, அவர் பேச்சு தன் காதுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை. தெளிவுக்கு ஐந்துக்கு எத்தனை, சிக்னல் பலத்துக்கு ஒன்பதுக்கு எத்தனை. முழு மார்க் என்றால் ஃபைவ் நைன். ஆனால் கல்யாண வீட்டில் கை கழுவும்போது 'சாப்பாடு பிரமாதம்' என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த மாதிரி எல்லாரும் எல்லாருக்கும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். பாதி வார்த்தை காதில் விழாத ஆள்கூட, "ஃபைவ் நைன் சார், ஃபைவ் நைன்! ஆமா, உங்க பேரு என்ன சொன்னீங்க?" என்பார்.

ஹெப்சிபாவிடம் அந்தப் பருப்பு வேகாது.

"இசக்கி, உனக்கு மூணு நாலு. வாயில புட்டை வெச்சுக்கிட்டுப் பேசுத மாதிரி இருக்கு. ஆன்டெனா முனையில பச்சை பூத்துக் கிடக்கும். ஏறித் தொடச்சிட்டு வா, பிறவு பேசுவோம்."

கோவில்பட்டியில் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கும் இசக்கிராஜ் முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறுவான். பார்த்தால் நிஜமாகவே பச்சை பூத்திருக்கும். வால்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் ஷம்ஷாத்துக்கும், கடலுக்கு அக்கரையில் பருத்தித்துறையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நகுலேஸ்வரனுக்கும் இதே கதிதான். இந்த நாலு பேரும் தினமும் காலை ஏழு மணிக்கு நாற்பது மீட்டர் அலைவரிசையில் கூடுவார்கள். அதற்குச் சபை என்று பெயர். மழையோ வெயிலோ, சபைக்கு ஹெப்சிபா வராத நாள் கிடையாது.

காலேஜில் பிடித்த கிறுக்கு இது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "என்னம்மா செய்யத் தெரியும்?" என்று கேட்டதற்கு, "நல்லா சால்டர் வைப்பேன்" என்றாள். ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டுகிற வேலை அது; ஏதோ வடநாட்டுக் குழம்பு என்று நினைத்து அந்த அம்மா சம்மதித்துவிட்டாள். மாப்பிள்ளை ஜெபசிங் பல் டாக்டர். பாளையங்கோட்டை வீட்டில் கீழே அவருடைய கிளினிக், நடுவில் குடித்தனம், மொட்டை மாடியில் ஹெப்சிபாவின் ரேடியோ அறை. அறையிலிருந்து காம்பவுண்ட் ஓரத்துத் தென்னை மரம் வரைக்கும் ஆன்டெனாக் கம்பி போகும். கொடி என்று நினைத்து ஜெபசிங் அதில் வேட்டியைக் காயப்போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது பல தடவை.

ரேடியோவால் அவருக்கும் நஷ்டம் இல்லாமலில்லை. ஒரு நாள் பல் பிடுங்க வாயைப் பிளந்துகொண்டிருந்த தாசில்தார் ஒருத்தர், கிளினிக்கில் பாட்டு போடும் ஸ்பீக்கரிலிருந்து திடீரென்று, "இப்ப கேக்குதா? நல்லாக் கேக்குதா?" என்று ஹெப்சிபாவின் குரல் வந்ததும் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவிட்டார். ஹெப்சிபா அன்றைக்கே ஸ்பீக்கர் ஒயரில் ரேடியோ அலையைத் தடுக்கும் காந்த வளையம் மாட்டிச் சரிசெய்தாள். தாசில்தார்தான் திரும்பி வரவேயில்லை.

ஆனாலும் அந்த மாடி அறையில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கருப்பட்டிக் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து டயலைத் திருப்புவாள். இரைச்சலுக்குள்ளிருந்து மனுஷக் குரல் ஒன்று மெல்ல மேலேறி வரும். நடுக்கடலில் மீன்பிடிக் கப்பலில் சமையல் பார்ப்பவன், பனிக்காட்டில் தனியாக இருக்கும் ஒரு பாதிரியார், பேரீச்சந்தோட்டத்துக் காவல்காரன் என்று யார் யாரோ வருவார்கள். வந்தவர் யாராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவளுக்குச் சொந்தக்காரர்.

அதிலும் அந்தக் காலத்தில் மனுஷக் குரல் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? எல்லார் வீட்டிலும் மாத்து வந்தாகிவிட்டது. விளம்பரத்தில் மாற்றுக்குரல் என்று சொல்வார்கள், ஜனங்களுக்கு அது மாத்து. நம் குரலிலேயே, நாம் பேசுகிற மாதிரியே, நமக்குப் பதிலாகப் பேசும். ஃபோன் வந்தால் அது எடுக்கும். துக்கம் விசாரிக்கும், கல்யாணத்துக்கு வர முடியாததற்கு வருத்தப்படும், மச்சினனிடம் சிரித்துப் பேசும். எதிர்ப்பக்கத்தில் இருப்பதும் பெரும்பாலும் ஒரு மாத்துதான். இரண்டு மாத்தும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டு கிடக்கும், ஆட்கள் அவரவர் ஜோலியைப் பார்ப்பார்கள். ஜெபசிங்கும் அவருடைய அண்ணனும் இப்படி வருஷக்கணக்காக 'பேசி'க்கொண்டிருந்தார்கள். நேரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோதுதான், அண்ணன் வாயில் ஒரு பல்கூட இல்லை என்பது பல் டாக்டர் தம்பிக்குத் தெரியவந்தது. மனுஷன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போல மாத்துவிடம்தான் ஃபோனைக் கொடுத்தார்.

அமெச்சூர் ரேடியோவில் மட்டும் மாத்துக்கு இடம் கிடையாது. உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவர் வாய்தான் பேச வேண்டும். மீறினால் உரிமம் ரத்து, அதோடு போச்சு, திரும்ப வாங்க முடியாது. சர்க்காரின் கண்காணிப்பு நிலையம் ஒன்று இதற்கென்றே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஹெப்சிபாவுக்குத் தொண்டை கட்டியது. மிளகுக் கஷாயம் குடித்தாள், சித்தரத்தை மென்றாள், ஒன்றும் கேட்கவில்லை. மதுரையில் பெரிய டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். ரெண்டு நாள் வேலைதானே என்று சபையில் அவள் மூச்சுவிடவில்லை. வந்து சொல்லிக்கொண்டால் போயிற்று என்று கிளம்பிவிட்டாள்.

கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். கெட்ட கட்டி இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் டாக்டர் விரலை ஆட்டி ஒரு குண்டைப் போட்டார். "நான் சொல்லும்வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாதும்மா. குசுகுசுன்னுகூடப் பேசக்கூடாது. வாரக்கணக்காகும். அப்புறம் குரல் பழைய மாதிரி வருமான்னு உத்தரவாதம் சொல்ல முடியாது."

ரெண்டு நாள் என்று போனவள் ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள், கழுத்தில் சால்வையும் கையில் பென்சிலுமாக. மாடி ஏறக்கூடாது, அலட்டிக்கொள்ளக்கூடாது, படு என்று ஜெபசிங் உத்தரவு. அவளும் சாதுவாகப் படுத்துக்கொண்டாள். அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. தலையணைக்கு அடியில் கையடக்க ரிசீவர் ஒன்று எப்போதும் கிடக்கும். காலையில் சபை கூடும்போது அதைக் காதில் வைத்துக் கேட்பது. 'அக்காவைக் காணோமே, என்ன ஆச்சோ' என்று மூன்று பேரும் தவிப்பார்கள் இல்லையா, அதை ஆசை தீரக் கேட்பது. அப்புறம் இவர் கீழே போனதும் மெல்ல மாடி ஏறி, தந்தி அடிக்கும் சாவியைத் தட்டி, 'இருக்கேன், பயப்படாதீங்க' என்று சொல்வது. வாயால்தானே பேசக்கூடாது, விரலுக்கு யார் தடை போட்டது?

மனுஷருக்கு நம்மை யாராவது தேட வேண்டும் என்று ஒரு ஆசை இருக்கத்தான் செய்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஏழு மணி. ஜெபசிங் கீழே கிளினிக்கைத் திறக்கப் போயிருந்தார். ஹெப்சிபா ரிசீவரை இயர்ஃபோனோடு காதில் செருகி, வால்யூமைக் கூட்டினாள்.

"எல்லாருக்கும் காலை வணக்கம், பாளையங்கோட்டையிலேருந்து ஹெப்சிபா பேசுதேன்" என்றது அவளுடைய குரல்.

பக்கத்திலிருந்தே வருவதால் காதைக் கிழித்தது. அவளுடைய அதே பழைய குரல், கட்டி வருவதற்கு முந்தி இருந்த குரல், மணி மாதிரி. அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இசக்கி, உனக்கு ஃபைவ் நைன். ஷம்ஷாத், உனக்கும் ஃபைவ் நைன். வாத்தியாரய்யா, நீங்களும் ஃபைவ் நைன். எல்லார் குரலும் ரொம்ப அருமையாக் கேக்குது."

"ரோஜர் அக்கா. நன்றி. உடம்பைப் பாத்துக்கிடுங்க" என்றான் இசக்கி.

"ரோஜருங்க்கா. இங்க நல்ல மழைங்க. உடம்பைப் பாத்துக்கோங்க" என்றாள் ஷம்ஷாத்.

"நன்றி அக்கா. உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார் நகுலேஸ்வரன்.

அவ்வளவுதான். சபை முடிந்துவிட்டது. ஒருத்தரும் தேடவில்லை, தவிக்கவில்லை, 'நீங்கள் யார்' என்று கேட்கவில்லை. ஹெப்சிபா இயர்ஃபோனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். நாற்பது வருஷம் தொண்டைத் தண்ணி வற்றப் பேசியிருக்கிறேன், ஒரு பெட்டி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது இதுகளுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபோது கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

மத்தியானம் ஜெபசிங் கஞ்சியோடு வந்தபோது சண்டை நடந்தது. சண்டை என்றால் அவர் வாயால் போட்டார், அவள் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் போட்டாள்.

'யாரைக் கேட்டு மாத்தை ரேடியோவுல மாட்டினிய?' என்று எழுதி நீட்டினாள்.

"உனக்காவத்தான் செஞ்சேன் ஹெப்சி. நீ சொல்லாமப் போயிட்ட. மறுநாளு காலையில மேல அந்தப் பெட்டியிலேருந்து 'அக்கா, அக்கா'ன்னு ஒரே கூப்பாடு. எனக்கு என்ன செய்யன்னு தெரியலை. ஏற்கெனவே உன்னை அங்க விட்டுட்டு வந்த கவலை. மாத்துக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டேன். உன் குரல்தான் அவன்கிட்ட இருக்கே. அரை மணி நேரத்துல மாட்டிட்டான். 'கறாரா வைக்கவா, மரியாதையா வைக்கவா'ன்னு கேட்டான். மரியாதையாவே வையப்பான்னு சொன்னேன்."

'உரிமம் போயிருமே!'

"யாருக்குத் தெரியப்போவுது? ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையே." ஜெபசிங் பெருமையாகச் சொன்னார். பாவம், தான் எங்கே கத்தியை வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. "நெசத்தைச் சொல்லணும்னா, உன்னைவிட அது பதவிசாப் பேசுது. யாரையும் திட்ட மாட்டேங்கு. அவங்களும் சந்தோசமாப் பேசிட்டுப் போறாவ."

ஹெப்சிபா இன்னொரு தாளை எடுத்தாள். அதில் ஒரே ஒரு வரி எழுதினாள். 'தென்னை மரத்து ஆளை வரச்சொல்லுங்க. கம்பியை இறக்கணும்.'

"எந்தக் கம்பியை?"

அவள் மாடியைக் காட்டினாள்.

இத்தனை வருஷம் வேட்டி காயப்போட இடமில்லை என்று புலம்பிய மனுஷன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டுமா இல்லையா? ஜெபசிங் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவசரப்படாத. அந்த ஆளு ஊர்ல இல்லை. வரட்டும், பாப்போம்" என்று இழுத்தார். அந்த ஆள் ஊரில்தான் இருந்தான். இவர்தான் சொல்லவே இல்லை.

அதன்பிறகு ஹெப்சிபா ரிசீவரைத் தொடவில்லை. மேலே மாத்து பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லக்கூட அவளுக்கு மனசில்லை. நிறுத்தினால்தான் என்ன, தொடர்ந்தால்தான் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்ற வெறுப்பு. ஜெபசிங் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். பேச்சில் அவர் கில்லாடி. காலமெல்லாம் வாயைத் திறந்தும் பதில் சொல்ல முடியாத ஆட்களோடேயே பேசிப் பழகியவர், இப்போது மனைவியும் அதே கணக்கில் சேர்ந்தது அவருக்கு ஒரு வகையில் வசதியாகவே இருந்தது.

"சங்கரன்கோவில்காரர் ஒருத்தர் வாராரு பாத்துக்க," என்றார் ஒரு நாள். "நீ மதுரையில இருக்கும்போதே வர ஆரம்பிச்சாரு. வாரம் தவறாது. இந்த வாரம் சொத்தைன்னுவாரு, அடுத்த வாரம் கூச்சம்னுவாரு. பல்லு வரிசையா ஒண்ணும் மோசமில்லை. ஆனா நல்ல மனுசன். நான் பேசுததைக் கண்ணைக் கொட்டாமக் கேப்பாரு. உனக்கு ஆபரேசன் ஆனது, கட்டி நல்ல கட்டின்னு ரிசல்ட் வந்தது, நீ பேசாம எழுதிக் காட்டுதது எல்லாம் சொன்னேன். கட்டி நல்ல கட்டின்னு சொன்னப்ப அவரு கண்ணுல தண்ணியே வந்துட்டு. ஊசி வலியா இருந்திருக்கும்."

ஹெப்சிபா கேட்டும் கேட்காததுமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியில் தென்னை மரமும் கம்பியும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

ஒரு வழியாக மதுரை டாக்டர் பேசலாம் என்றார். "மெல்லச் சொல்லுங்கம்மா, ஆ."

"ஆ" என்றாள்.

ஜெபசிங் திடுக்கிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். தகரக் கதவைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. இனி இதுதான் குரல் என்றார் டாக்டர். கொஞ்சம் பழகும், ரொம்ப மாறாது. ஹெப்சிபா அழவில்லை. மாத்துவிடம் என் குரல் இருக்கிறது, என்னிடம் இது இருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜெபசிங் குளித்துக்கொண்டிருக்கும்போது மாடி ஏறினாள். அறையில் தூசி படிந்திருந்தது. ரேடியோவின் மைக் துவாரத்தில் மாத்துவின் சிறிய கறுப்புப் பெட்டி அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தன் பழைய மைக்கைச் செருகினாள். அது உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த விதம் அவளைக் கொஞ்சம் ஆட்டித்தான்விட்டது. இருந்தாலும் முடிவில் மாற்றமில்லை. சபையில் முறையாக விடைபெற்றுக்கொள்வது, மகராசராக இருங்கள் என்று சொல்வது, கம்பியை இறக்கிவிடுவது.

ஏழு மணிக்குப் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை."

எதிர்ப்பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு ஈ, காக்காய் இல்லை. இருக்காதா பின்னே? நேற்றுவரை மணி மாதிரி பேசிய நிலையத்திலிருந்து இன்றைக்குத் தகரக் கதவு பேசினால் யார் பதில் சொல்வார்கள்? பெட்டியை நம்பினவர்கள் என்னைப் போலி என்பார்கள், வேடிக்கைதான் என்று நினைத்தாள்.

அப்புறம் இசக்கியின் குரல் வந்தது, ரொம்ப ஜாக்கிரதையாக.

"பாளையங்கோட்டை நிலையத்துல யாரு பேசுதது? சொல்லுங்க, கேட்டுக்கிட்டு இருக்கோம். இசக்கிராஜ், கோவில்பட்டி. சிக்னல் ரிப்போர்ட் சொல்லுங்க."

ஹெப்சிபா விடைபெறும் வாசகத்தை மனசுக்குள் தயாராக வைத்திருந்தாள். ஆனால் ஒரு ஆள் ரிப்போர்ட் கேட்டுவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. செத்துக்கொண்டிருந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் சாவாள். காது தானாகக் கூர்ந்தது.

"இசக்கி, சிக்னல் எட்டு. பேச்சு மூணுதான். சிக்னல்ல கோளாறு இல்லை, மைக்குலயும் இல்லை. உன் வாயிலதான் கோளாறு. 'ச' வர்ற எடமெல்லாம் காத்து பீய்ச்சுது. முன்பல்லு ஏதும் போச்சா உனக்கு?"

பொத்தானை விட்டாள். பிறகு யாரோ வாய்விட்டு அழுகிற சத்தம். மைக்கை அழுத்திக்கொண்டே ஷம்ஷாத் அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா! அக்காதாங்க! வந்துட்டீங்களாங்க்கா!"

"மூணு!" என்று இசக்கி கூவினான். "அக்கா எனக்கு மூணு போட்டுட்டாவ! கேட்டியளா வாத்தியாரய்யா, மூணு!"

"கேட்டனான் தம்பி, கேட்டனான்" என்றார் நகுலேஸ்வரன். "அக்கா, இவ்வளவு நாளும் ஃபைவ் நைன் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு."

ஹெப்சிபா பொத்தானை அழுத்தினாள். "தெரியுமா உங்களுக்கு?"

"முதல் நாளே தெரியும்" என்றான் இசக்கி. "எனக்கு ஃபைவ் நைன் குடுத்தியளா, அன்னைக்கே திக்குனு ஆயிட்டு. சந்தேகத்துக்கு மறுநாள் பவரை ஒத்த வாட்டுக்கு இறக்கி, மழையில நனைஞ்ச கம்பியில பேசிப் பாத்தேன். அதுக்கும் ஃபைவ் நைன். அக்காவுக்கு உடம்புக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டோம். சோறு இறங்கலை."

"பிறவு ஏம்ல ஒரு வார்த்தை கேக்கலை?"

நகுலேஸ்வரன் தொண்டையைச் செருமினார். வாத்தியார் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். "அக்கா, சில சங்கதியளைக் காத்திலை கதைக்கக்கூடாது. காத்துக்கு வேற காதுகளும் இருக்கு. உங்கட உரிமம் நாற்பது வருசத்துச் சொத்து. நாங்கள் கேள்வி கேட்டு அது போயிடக்கூடாது எண்டு மூண்டு பேரும் கடிதத்திலை பேசி வைச்சம். அதாலை வழமை போலவே நடந்துகொண்டம். 'உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ' எண்டு மட்டும் ஒவ்வொரு நாளும் சொல்லிவைப்பம், எப்பிடியும் உங்கட காதிலை ஒருநாள் விழும் எண்டு."

விழுந்துதான் இருந்தது. அவள்தான் அதை மரியாதைப் பேச்சு என்று தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு ஃபோன் போட்டோங்க்கா," என்றாள் ஷம்ஷாத். "எத்தனை தடவை போட்டாலும் 'நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க'ன்னே வருது. யார்கிட்டங்க போய் நெசத்தைக் கேக்கிறது? அப்புறம்தான் இசக்கி அண்ணன் ஒரு வழி கண்டுபிடிச்சாருங்க."

"என்ன வழி?"

இசக்கி கூச்சத்தோடு சிரித்தான். காற்று பீய்ச்சியது. "பாளையங்கோட்டையில ஒரு பல் டாக்டர் இருக்காரு அக்கா. நல்ல கைராசி. நாற்காலியில உக்காந்து வாயைத் தொறந்தா போதும், வீட்டுச் சமாச்சாரம் பூரா ஒண்ணு விடாமச் சொல்லுவாரு. ஒரு கேள்வி கேக்க வேண்டாம். கேக்கவும் முடியாது. நான் யாருன்னு தெரிஞ்சா மறைச்சிருவாரோன்னு, சங்கரன்கோவில்காரன்னு சொல்லிக்கிட்டு வாரா வாரம் போய் வாயைத் தொறந்துட்டு, கேட்டதை வந்து இவங்களுக்குச் சொல்லுவேன். ஷம்ஷாத்கிட்ட சொல்லுததுக்கு நேருல பஸ் ஏறிப் போவேன், வாத்தியாரய்யாவுக்குக் கடுதாசி போடுவேன், ஃபோனை நம்ப முடியாதுல்லா. ஆனா ஒரு கட்டத்துல எம்பல்லுல காட்டுததுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. முன்பல்லு ஒண்ணு பழைய அடியில லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு. 'கட்டி நிறுத்திரலாம்'னு சொன்னாரு. நாந்தான் பிடுங்குங்கன்னு சொல்லிட்டேன். நீங்க பேசலாமா கூடாதான்னு அந்த வாரம் தெரிய வேண்டியிருந்துது. பிடுங்கினா ரொம்ப நேரம் உக்கார வைப்பாருல்லா."

ஹெப்சிபா மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அடப்பாவி, ஒரு பல்லைக் கொடுத்து என் சேதியை வாங்கினாயா? தேடவில்லை என்று உங்கள்மேல் எத்தனை நாள் கோபப்பட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. புதுத் தொண்டைக்கு ரெண்டையும் ஒரே நேரத்தில் வெளியே விடத் தெரியவில்லை.

பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஈரத் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு ஜெபசிங் வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். வாய் பிளந்தபடியே இருந்தது.

"அந்த சங்கரன்கோவில்காரரா!" என்றார் கடைசியில். "நல்ல பல்லு ஹெப்சி. ரெண்டு வாரம் கட்டி வெச்சிருந்தா உறுதியாயிருக்கும். மனுசன் ஒத்தக் கால்ல நின்னாரு." ஜன்னல் விளிம்பில் கிடந்த கறுப்புப் பெட்டியை ஒரு தரம் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலைன்னு சொன்னேன்லா. நான் ஒரு மடையன்."

"ஆமா" என்றாள் ஹெப்சிபா சந்தோஷமாக.

"வியாழக்கிழமை வரச்சொல்லு அவரை. புதுப் பல்லு கட்டித் தாரேன். முதல்ல சும்மா உக்காந்து பேசட்டும். நான் கேக்கேன்."

அவள் மைக்கை எடுத்தாள். "இசக்கி, டாக்டர் வியாழக்கிழமை வரச்சொல்லுதாவ. பல்லு கட்டுன பிறவு பேச்சுக்கு நாலு போடலாமான்னு யோசிப்பேன்."

"நாலுதானா?"

"உங்கிட்ட வேற கோளாறும் இருக்கு."

"சரி அக்கா. உங்களுக்கு ரிப்போர்ட் வேண்டாமா?"

"சொல்லு."

"உள்ளதைச் சொல்லவா?"

"உள்ளதைத்தான் சொல்லணும்."

"ரெண்டு ஒம்பது. சிக்னல் சுவத்தை இடிக்குது. பேச்சுதான் அக்கா, தகர டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்குத மாதிரி இருக்கு. பாதி விளங்கலை."

அவளுடைய வாழ்நாளில் யாரும் அவளுக்கு இவ்வளவு கேவலமான மார்க் போட்டதில்லை. ஹெப்சிபாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கீழே வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஜெபசிங் எட்டிப் பார்த்துவிட்டு அசடு வழிந்தார். தெருவில் தற்செயலாகப் போய்க்கொண்டிருந்த தென்னை மரத்து ஆள், கயிறும் அரிவாளுமாகக் காம்பவுண்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, சொகமாயிட்டியளா? ரொம்ப நாளாக் கூப்பிடவே இல்லையே. எதையும் இறக்கணுமா?"

ஹெப்சிபா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தன் புதுக் குரலில் கத்தினாள்.

"ரெண்டு குலை தேங்காயை இறக்குப்பா. அந்தக் கம்பி தொங்கிப்போய்க் கிடக்கு, அதை மட்டும் நல்லா மேலே தூக்கிக் கட்டு."